அப்பாவின் கணினிக்கு இன்னொரு ஆன்டிவைரஸ் போடலாமா?

கேள்வி (தூக்கம்கெட்டவன்): நேற்று அப்பா ஏதோ படித்துக்கொண்டிருக்கும்போது திரை முழுக்கச் சிவப்பாகி, "5 வைரஸ்கள் உள்ளன, உடனே இந்த எண்ணை அழையுங்கள்" என்று அலாரம் அடித்ததாம். பயந்துபோய் பிளக்கையே பிடுங்கிவிட்டார். விண்டோஸ் 10. ஒரு ஆன்டிவைரஸ் ஏற்கெனவே இருக்கிறது. இன்னொன்றும் போடட்டுமா?

பழைய மவுஸ்: அழைக்காமல் பிளக்கைப் பிடுங்கினாரே, கெட்டிக்காரர்! அது பெரும்பாலும் வெறும் வலைப்பக்கம்தான். அடுத்த முறை ஆல்ட், எஃப்4 இரண்டையும் சேர்த்து அழுத்தினால் போதும். பிரவுசரைத் திறக்கும்போது பழைய பக்கத்தை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இரண்டு ஆன்டிவைரஸ் கூடாது. ஒன்றோடொன்று மோதிக்கொண்டு கணினியை இழுத்தடிக்கும்.

நிழல்: எனக்கு உறுத்துவது விண்டோஸ் 10தான். அதற்கான வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்பு அப்டேட்கள் வருவது, 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. 2017 மே மாதம் வான்னாகிரை என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் பரவியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள். கணினி தாங்கினால் 11க்கு மாற்றுங்கள், இல்லையென்றால் லினக்ஸ் (விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளம்).

பழைய மவுஸ்: அப்பாவிடம் லினக்ஸா? சரி, விளக்கம் சொல்ல நீங்கள் வருவீர்களா?

மூன்றாம்பிறை: அட்மின் உரிமை (எதையும் நிறுவும், மாற்றும் உரிமை) இல்லாத தனிக் கணக்கு ஒன்று போட்டுக் கொடுங்கள். அப்புறம் பேக்கப். நான் எடுத்தேன், ஆனால் நகல் வைத்த டிஸ்க்கைக் கணினியிலிருந்து கழற்றாமலே விட்டிருந்தேன். ரான்சம்வேர் (வான்னாகிரை மாதிரிப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) வந்து அதையும் சேர்த்துப் பூட்டியது. 6 வருடப் படங்கள் போச்சு.

தூக்கம்கெட்டவன்: இப்போதே போய் டிஸ்க்கைக் கழற்றுகிறேன்.