கோட்: பத்துப் படத்துக்கும் ஒரே சொல் கிடைக்குமா?

எல்லாருக்கும் வணக்கம்,

கோட் (code)ங்கற ஒரே வார்த்தைய வச்சு ஒரு படத்தொடர் பண்ணிட்டிருக்கேன், மொத்தம் பத்து போட்டோ. இங்கிலீஷ்ல ஒத்தத் தலைப்பு போட்டு முடிச்சிடலாம், தமிழ்ல எழுத உக்காந்தா படத்துக்கு ஒரு சொல்லா வருது. பார்கோட்னா பட்டைக் குறியீடு, டிரஸ் கோட்னா ஆடைக் கட்டுப்பாடு, பீனல் கோட்னா தண்டனைச் சட்டம், சோர்ஸ் கோட்னா மூலநிரல், கோட் வேர்டுன்னா சங்கேத வார்த்தை. பத்தையும் சேத்துக் கட்டற மாதிரி ஒரு சொல் இருந்தா சொல்லுங்க. குறியீடுன்னே வச்சிடலாம்னு பாத்தேன், ஆனா அத சிம்பலுக்குக் குடுத்து ரொம்ப நாளாச்சு, கவிதை விமர்சனம் படிக்கறவங்க "எதுக்குக் குறியீடு இது"ன்னு கேப்பாங்க. அவசரம் ஒண்ணும் இல்ல, ஆனா தலைப்பு முடிவாகாம படத்த வரிசைப்படுத்த கை வர மாட்டேங்குது.

---

தம்பி,

தமிழ்ல ஒரு சொல் இல்லையேன்னு நீங்க வருத்தப்படவே வேணாம். அங்க ஒரே சொல்லுக்குள்ள இத்தனையும் குடியிருக்கறதே ஒரு விபத்து மாதிரிதான். லத்தீன்ல காடெக்ஸ்னா முதல்ல அடிமரம், அப்புறம் மரத்தப் பலகையா அறுத்து மெழுகு பூசி எழுதினாங்க, பலகைங்கள சேத்துக் கட்டினது புத்தகம் ஆச்சு, புத்தகத்துல சட்டத்தையெல்லாம் தொகுத்து வச்சதால சட்டத்தொகுப்பு ஆச்சு. நெப்போலியன் 1804ல கொண்டு வந்தது இந்த அர்த்தத்துல உள்ள கோட்தான். தந்தி, ரகசிய எழுத்து, கம்ப்யூட்டர் எல்லாம் ரொம்பப் பிந்தி வந்து ஒட்டிக்கிட்டது. அதனால சட்டப் படத்துக்கு "தொகை"ன்னு போடுங்க, சட்டத்தொகை, எட்டுத்தொகைல வர்ற அதே தொகைதான். டிரஸ் கோட், நடத்தை விதி இதுக்கெல்லாம் "நெறி" போதும், ஆடைநெறி. நிரல் புழக்கத்துல நல்லா ஊறிடுச்சு, அதத் தொடாதீங்க.

மிச்சம் இருக்கறது எல்லாத்துக்கும் என் ஓட்டு "குறி"க்குத்தான். குறியீடுல அந்த "ஈடு" எதுக்கு? ஒருங்குறின்னு யூனிகோடுக்கு வச்சோமே, அங்க யாராவது ஒருங்குறியீடுன்னு இழுக்கறாங்களா. அதே மாதிரி பட்டைக்குறி, ஜெனடிக் கோடுக்கு மரபுக்குறி, தந்திக்குறி. கோட் வேர்டுக்கு நாம புதுசா யோசிக்கவே வேண்டியதில்ல, நன்னூல்லயே குழூஉக்குறின்னு இருக்கு, பொற்கொல்லர் பொன்னப் "பறி"ன்னு சொல்றது, யானைப்பாகர் ஆடையக் "காரை"ன்னு சொல்றது, இதுக்கு மேல என்ன கோட் வேர்டு வேணும். பள்ளிக்கூடத்துல தகுதி வழக்குன்னு மனப்பாடம் பண்ணிட்டு வெளிய வந்து சங்கேத வார்த்தைன்னு எழுதறோம், இது எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியாத சங்கதி.

தனியா குறின்னு மட்டும் தலைப்பு வச்சா பசங்க சிரிப்பாங்க, அதுவும் தெரியும். கூட்டுச்சொல்லா வந்தா யாரும் சிரிக்க மாட்டாங்க.

---

ஐயா சொன்னதுல ஒண்ணு விட்டுப்போச்சு. ஜனங்க வாய்ல ஏற்கெனவே ஒரு தமிழ்ச் சொல் இருக்கு, "கோடு". பார்கோடு, யூனிகோடுன்னு உகரம் சேத்துதான் பாதிப்பேர் எழுதறாங்க, அது தமிழ்ல லைன். பார்கோடு முழுக்கக் கோடுதானே! அதோட கதையும் அப்படித்தான், உட்லண்ட்னு ஒரு அமெரிக்க எஞ்சினியர் கடற்கரைல உக்காந்து, சின்ன வயசுல கத்துக்கிட்ட மோர்ஸ் தந்திக்குறிய புள்ளியும் கோடுமா மணல்ல வச்சு, விரலாலயே அத கீழ நோக்கி இழுத்து விட்டாரு, ஒல்லிக் கோடு குண்டுக் கோடுன்னு வந்துச்சு, 1952ல பேடண்ட் கிடைச்சுது, கடைல முதல் பொருள ஸ்கேன் பண்ண 1974 ஆச்சு, அதுவும் ஒரு சூயிங்கம் பாக்கெட்டு. அந்த மணல்கோட்ட நீங்க ஒரு படமா எடுக்கலாம், சாய்வெயில் அடிக்கற நேரத்துல எடுத்தா விரல்தடத்துல நிழல் விழுந்து கறுப்பு வெளுப்பா அசல் பார்கோடு மாதிரியே இருக்கும்.

இன்னொரு வேடிக்கை, கோடுன்னா பழந்தமிழ்ல மரக்கொம்பு, கோட்டுப்பூன்னு சொல்றது அதத்தான். அங்க அடிமரம், இங்க கிளை. சம்பந்தம் கிடையாது, தற்செயல்தான், வேர்ச்சொல் ஆராய்ச்சின்னு யாரும் கெளம்பிடாதீங்க. ஆனா படத்தொடருக்குத் தலைப்பா வைக்க இத விட நல்லது கிடைக்காதுன்னு நெனைக்கறேன்.

---

தலைப்பா வச்சிக்கட்டும், மறுப்பு இல்ல. கலைச்சொல் பட்டியல்ல மட்டும் ஏத்திடாதீங்க அம்மா. கோடுதல்னா வளையறது, நடுநிலை தவறறது. குறள்ல சான்றோருக்கு அணின்னு சொன்னது ஒருபால் கோடாமைய. சட்டத்தக் கொண்டு போய் கோடுன்னா வள்ளுவர் கோச்சுக்குவார்.

---

ஐயா, அக்கா, ரெண்டு பேருக்கும் நன்றி. தலைப்பு "கோடு", படத்துக்குக் கீழ தொகை, நெறி, நிரல், குறின்னு அதது இடத்துல. முடிவு பண்ணிட்டேன்.

மோர்ஸ் படம் நேத்து ராத்திரி எடுத்தேன். ஷட்டர எட்டு செகண்ட் தொறந்து வச்சு, எதிர்ல இருட்டுல ஃப்ரெண்டு டார்ச்ச அடிச்சு அடிச்சு அணைக்க, நான் கேமராவ இடமிருந்து வலமா மெதுவா திருப்பினேன், நேரம் அப்படியே நீளமா படத்துல விழுந்துடுச்சு. மோர்ஸ்ல ஒரு கோடுன்னா மூணு புள்ளி நீளம் இருக்கணும்னு கணக்கு, எனக்கு வந்தது ரெண்டு, மூணு, நாலரைன்னு ஆளாளுக்கு ஒரு சைஸ், ஏன்னா கை ஒரே சீரா திரும்பல. எஸ்ஓஎஸ் அடிச்சோம், படத்துல படிச்சுப் பாத்தா வேற என்னமோ வருது. ட்ரைபாட் போட்டுத் திரும்ப எடுக்கணுமா இல்ல இப்படியே விடலாமான்னு யோசிக்கறேன், கோடிப்போன கோடுதான் ஐயா சொன்ன மாதிரி. மரபுக்குறிக்கு 1952ல எடுத்த அந்த எக்ஸ்ரே படம் மாதிரி ஒண்ணு செட்டப் பண்றதா இருந்தேன், அது டிஎன்ஏவோட அமைப்பக் காட்டற படமே ஒழிய கோட் இல்ல, மூணு மூணு எழுத்தா படிக்கணும்கறதெல்லாம் பின்னாடி 1961க்கு மேல தெளிவானது, அதனால அதக் கைவிட்டுட்டேன்.

இப்ப மாட்டிக்கிட்டது கடைசிப் படம். பழைய 35 எம்எம் ஃபிலிம் டப்பா, மேக்ரோ லென்ஸ்ல எடுத்தது. டப்பா மேல ரெண்டு வரிசை, வரிசைக்கு ஆறு கட்டம், சிலது வெள்ளியா பளபளங்குது, சிலது கறுப்பு. கோடாக் 1983ல கொண்டு வந்த டிஎக்ஸ் கோட். வெள்ளிக் கட்டம் வெறும் தகரம், கரண்ட் கடத்தும், கறுப்பு பெயிண்ட் அடிச்சது, கடத்தாது. கேமராக்குள்ள குட்டிக் குட்டி ஸ்பிரிங் முள்ளு இருக்கு, அது கட்டத்தத் தொட்டுப் பாத்தே ஐஎஸ்ஓ, அதாவது ஃபிலிமோட வேகம், எவ்வளவுன்னு தெரிஞ்சுக்கும். என் டப்பால ஒரு கட்டத்துல பெயிண்ட் உரிஞ்சு, நகத்தால சொரண்டின மாதிரி உள்ள தகரம் தெரியுது, அது ஐஎஸ்ஓவுக்கான கட்டமா இருந்தா அந்த கேமரா தப்பாத்தான் படிச்சிருக்கும். க்யூஆருக்குக் கட்டக்குறின்னு வச்சிட்டேன், இதுவும் கட்டம்தான், ஆனா இத யாரும் பாத்துப் படிக்கறதில்லையே. என்ன சொல்லலாம்?

---

தம்பி, தொட்டுப் படிக்குதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. தொடுகுறி.

---

ஐயா, தொடுகுறின்னு ஏற்கெனவே ஒரு சாத்திரம் இருக்கே! கட்டம் போட்டு நம்பர் எழுதி வச்சிருப்பாங்க, மனசுல நெனச்சுக்கிட்டு ஒரு கட்டத்தத் தொட்டா அதுக்குப் பலன் போட்டிருக்கும்.

---

அதனாலதான் அம்மா சொன்னேன். கேமராவும் அதத்தானே பண்ணுது, பெயிண்ட் உரிஞ்ச கட்டத்தத் தொட்டுட்டு தப்பாப் பலன் சொல்லுது. அப்படியே எழுதுங்க தம்பி.