பையனின் ஜாமெட்ரி பாக்ஸில் கூல் லிப்: எப்படிப் பேச ஆரம்பிப்பது?

கேள்வி: ஒன்பதாம் வகுப்புப் பையனின் அம்மா

மகனின் ஜாமெட்ரி பாக்ஸில் கூல் லிப் (உதட்டுக்குள் ஒதுக்கிவைக்கும் புகையிலைப் பை) பாக்கெட் இருந்தது, உபயோகித்த குட்டிப் பை ஒன்றும். அவனிடம் இன்னும் கேட்கவில்லை. அவன் அப்பாவுக்குத் தெரிந்தால் பெல்ட்டை உருவிவிடுவார். எங்கிருந்து ஆரம்பிப்பது? கையோடு குடி, கஞ்சா பற்றியும் பேசிவிடலாமா?

பதில்: பள்ளி ஆலோசகர்

எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டாதீர்கள், மேடம். முதல் பேச்சு கூல் லிப் பற்றி மட்டும், பத்து நிமிடம் போதும். எதிரே உட்கார வைத்தால் விசாரணையாகிவிடும். துணி மடிக்கும்போதோ வண்டியில் போகும்போதோ பக்கத்தில் இருந்தபடி பேசுங்கள்.

"இது என்னடா?" என்று கேட்காதீர்கள். பதில் தெரிந்துகொண்டே கேட்டால் பொய் சொல்லத்தான் தோன்றும். பிறகு சண்டை அந்தப் பொய்யைப் பற்றியதாகிவிடும். "உன் பாக்ஸ்ல இதைப் பார்த்தேன். அடிக்க மாட்டேன். எப்போலேருந்துன்னு சொல்லு" என்று நிறுத்துங்கள். அவன் வாய் திறக்க ஒரு நிமிடம்கூட ஆகலாம். அந்த மௌனத்தை நீங்கள் நிரப்ப வேண்டாம்.

தெரிய வேண்டியது: ஒரு நாளைக்கு எத்தனை, எந்த நேரத்தில். எழுந்த அரை மணிக்குள் தேவைப்படுகிறது என்றால் நிகோடின் பிடித்துவிட்டது என்று பொருள். யார் கொடுத்தார்கள் என்பதைக் கடைசியில் கேளுங்கள். சிநேகிதனைக் காட்டிக் கொடுக்கச் சொன்னால் மற்ற எதையும் சொல்ல மாட்டான்.

சாமி மேல் சத்தியம் வாங்காதீர்கள். ஒரு தடவை தவறினாலும் உங்களிடம் வந்து சொல்லும் வழி அடைபட்டுப்போகும். அப்பாவிடம் மறைக்கவும் வேண்டாம். முதலில் அவரோடு தனியே பேசி, கை நீட்ட மாட்டேன் என்ற ஒரு வாக்கை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பதில்: பல் மருத்துவர்

கீழ் உதட்டை இழுத்து, ஈறுக்கும் உதட்டுக்கும் நடுவே டார்ச் அடித்துப் பாருங்கள். பை ஒதுக்கிவைக்கும் இடத்தில் தோல் வெளுத்துச் சுருங்கியிருக்கும். நிறுத்தி இரண்டு வாரமாகியும் மாறாவிட்டால் கட்டாயம் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நிறுத்திய முதல் மூன்று நாள்தான் கடினம்: எரிச்சல், தூக்கமின்மை, பாடத்தில் மனம் நிற்காது. அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு ஏக்கமும் சில நிமிடங்களில் தணியும். அதுவரை வாயில் சோம்பு போடலாம், நெல்லிக்காய்த் துண்டு கடிக்கலாம். பாக்கு மட்டும் வேண்டவே வேண்டாம், அதுவே வாய்ப்புற்றுக்கு வழி. நிகோடின் கம் மருத்துவர் சொல்லாமல் இந்த வயதில் கூடாது. புகையிலையை விடுவதற்கான இலவச ஆலோசனை எண் 1800-11-2356.

பதில்: போதை மீட்பு மையப் பணியாளர்

குடி பற்றிய பேச்சு இன்னொரு நாள். பயமுறுத்துவதைவிடக் கணக்கு நன்றாக வேலை செய்யும். "பீர்தானே" என்பார்கள் பையன்கள். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டிலில் 52 மில்லி ஆல்கஹால். 42.8 சதவீத ரம்மில் 60 மில்லி ஊற்றினால் 26 மில்லிக்குச் சற்றுக் குறைவு. ஆக ஒரு பாட்டில் பீர் குடிப்பது இரண்டு லார்ஜ் (60 மில்லி) ரம் குடிப்பதற்குச் சமம். இதை அவனையே பேப்பரில் போடச் சொல்லுங்கள்.

மறுக்க ஒரு சாக்கும் கொடுத்துவையுங்கள்: "எங்கம்மா தினமும் வாயை மோந்து பாப்பாங்க." பழி உங்கள் மேல் விழட்டும், அவன் மானம் தப்பும். "எந்த ராத்திரி போன் பண்ணாலும் வந்து கூட்டிட்டு வரேன், கேள்வியெல்லாம் மறுநாள்தான்" என்று சொன்னால் அப்படியே நடந்துகொள்ளுங்கள்.

இதையும் அவன் தெரிந்திருக்கட்டும்: குடித்த நண்பன் எழுப்பியும் எழவில்லை என்றால் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும். மோரோ எலுமிச்சைச் சாறோ வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். "தூங்கினா தெளிஞ்சிடும்" என்று தனியே விட்டுவிடக் கூடாது. வயிற்றில் இருக்கும் சரக்கு இன்னும் ரத்தத்தில் ஏறிக்கொண்டிருக்கும்.

பதில்: வழக்கறிஞர்

கடைக்காரரிடம் போய்ச் சண்டை போடாதீர்கள். பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கத் தடை. குழந்தைகளுக்குக் கொடுத்தால் சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 77-இல் ஏழாண்டு வரை கடுங்காவல். கடையின் இடத்தையும் நேரத்தையும் குறித்து, தமிழ்நாட்டின் போதைப்பொருள் புகார் எண்ணான 10581-இல் சொல்லுங்கள். பையன் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை.