ஆதார் நகல்

குழு: தங்கச்சிமடம் வீடு
2025 பிப்ரவரி 1, சனி இரவு

ரோஸ் அத்தை: பட்ஜெட்டில் மீனவர் குடும்பத்துக்கு ஐந்து லட்சம் அறிவித்துவிட்டார்களாம். ஆதார் நகல் எடுத்து வைக்கணுமாம். உண்மையா?

சூசை மாமா: ஆளுக்கு ஐந்தா, படகுக்கு ஐந்தா?

அந்தோணி பெரியப்பா: அக்கா, அது இனாம் இல்லை, கடன். விவசாயிகளுக்குக் கடன் தரும் கிசான் கார்டு இருக்கிறதல்லவா, 2018-19 பட்ஜெட்டில்தான் அதை மீன் பிடிக்கிறவர்களுக்கும் கொடுப்பதாகச் சொன்னார்கள். அந்தக் கார்டில் வட்டிச் சலுகையோடு மூன்று லட்சம் வரை என்று இருந்ததை நிர்மலா சீதாராமன் இன்றைக்கு ஐந்து லட்சமாக்குவதாக அறிவித்திருக்கிறார். வட்டி 7 சதவீதம், கெடு தவறாமல் கட்டினால் 4 தான் விழும்.

ரோஸ் அத்தை: கடனா. சரி விடு

அந்தோணி பெரியப்பா: விடக்கூடாது அக்கா. சேவியரையே பாருங்கள், வியாபாரியிடம் இரண்டு லட்சம் அட்வான்ஸ், வட்டியே இல்லை என்று சந்தோஷமாக வாங்கினான், ஆனால் நண்டை அவருக்கே போடணும், கிலோவுக்கு நாற்பது ரூபாய் குறைத்துத்தான் எழுதுகிறார், பத்து வருஷமாக அசல் அப்படியே நிற்கிறது. அதை அடைக்க ஒரு வழி வருகிறதா என்றுதான் நான் பட்ஜெட்டில் பார்ப்பேன்.

அப்பா: என்னை ஏன் இழுக்கிறாய். வத்தைப் படகு யார் பேரில் இருக்கிறது என்று நானும் கேட்கட்டுமா?

சூசை மாமா: ஆரம்பித்தாச்சு 😂

நான்: கச்சத்தீவு திருவிழாவுக்கு யார் யார்? போன வருஷமும் போகவில்லை

ரோஸ் அத்தை: நான் நான். அந்தோணி, நூறு நாள் வேலைக்கு என்ன?

அந்தோணி பெரியப்பா: 86,000 கோடி, போன வருஷமும் அதேதான். கொரோனா வருஷம் 61,500 கோடி போட்டு, போதாமல் மே மாதம் இன்னும் 40,000 சேர்த்தார்கள். கடல் தொழில் படுத்துக் கிடந்தபோது சூசை கடை ஓடியதே அந்தக் கூலியில்தான். கையில் காசு வந்தால் பெண்கள் அரிசி பருப்புதானே வாங்குவார்கள்.

சூசை மாமா: கடை ஓடியது. ரோஸ் அக்கா பாக்கியும் கூடவே ஓடியது

ரோஸ் அத்தை: கடல்பாசி விற்றதும் தருவேன். 2021 பட்ஜெட்டில் பாசிப் பூங்கா என்றார்கள், வலமாவூரில் அடிக்கல்லும் நட்டார்கள், நான் இன்னும் ரோட்டோரம் தார்ப்பாய் விரித்துத்தான் காய வைக்கிறேன்

அப்பா: போன வருஷம் பேங்குக்குப் போனேன். வீட்டுப் பட்டா எங்கே என்றார்கள். புறம்போக்கில் இருக்கிறவன் எங்கே போவது?

அந்தோணி பெரியப்பா: இந்த ஜனவரி முதல் 2 லட்சம் வரை அடமானம் கேட்கக்கூடாது. திங்கள் வா, நானும் வருகிறேன். அன்றைக்கு விசைப்படகுகள் கடலுக்குப் போகும் முறைதானே, நீ கரையில்தான் இருப்பாய்.

அப்பா: வலை பொத்தணும். பார்க்கலாம்

சூசை மாமா: வத்தை அந்தோணி அத்தான் பேரில் இருக்க, கடன் யார் பேரில்?

அந்தோணி பெரியப்பா: அதை நேரில் பேசலாம்.

ரோஸ் அத்தை: ஜெனி, எனக்கும் ஒரு ஆதார் நகல் எடுத்துவிடு. கச்சத்தீவுக்கு