மத்தேயு 24 உலகத்துக்கா, விசுவாசிகளுக்கா?

கேள்வி:
எங்கள் சபையில் சில வாரமாக மத்தேயு சுவிசேஷம் 24ஆம் அதிகாரத்தை வைத்துக் கடைசிக்காலச் செய்திதான். போர், பூமியதிர்ச்சி எல்லாம் உலகத்துக்கு வரும் தண்டனை, விசுவாசிகளான நாம் அதற்கு முன்பே பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டுவிடுவோம் என்கிறார்கள். அப்படியென்றால் "விழித்திருங்கள்" என்று யாரிடம் சொன்னார் இயேசு?

பதில் 1:
சகோதரரே, ஒலிவமலையில் தனியாக வந்து கேட்டவர்கள் சீஷர்கள், எச்சரிப்பும் அவர்களுக்குத்தான். 25ஆம் அதிகாரத்து உவமையைப் பாருங்கள், பத்துக் கன்னிகைகளும் மணவாளனுக்காகக் காத்திருந்தவர்கள், பத்துப் பேரும் தூங்கினார்கள், எண்ணெய் இல்லாமல் போனதால் கதவு அடைபட்ட ஐந்து பேரும் வெளியாட்கள் இல்லை. வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்திலும் மிருகமும் எக்காளமும் வருவதற்கு முன்னால் ஏழு சபைகளுக்குக் கடிதம் வருகிறது. சிமிர்னா, பிலதெல்பியா தவிர மற்ற ஐந்துக்கும் மனந்திரும்பச் சொல்லித்தான் எழுதியிருக்கிறது. இதை விட்டுவிட்டு நேராக மிருகத்தின் எண்ணான 666க்குப் போய்விடுகிறோம் (அதில்தான் சுவாரஸ்யம் அதிகம்!).

பதில் 2:
பாதி சரி. அதே 24ஆம் அதிகாரத்தில் யூதேயாவில் இருப்பவர்கள் மலைகளுக்கு ஓடுங்கள் என்பதை கி.பி. 70இல் ரோமர் எருசலேம் ஆலயத்தை இடித்ததோடு சேர்த்துத்தான் பலர் வாசிக்கிறார்கள். எல்லா வசனத்தையும் நம் சபைக்கு இழுக்க வேண்டாம்.

பதில் 1:
ஒத்துக்கொள்கிறேன் ஐயா. ஆனால் "விழித்திருங்கள்" என்கிற 24:42ஆம் வசனத்திலிருந்து ஊர், இடம் எதுவும் இல்லையே, எஜமான் வரத் தாமதிக்கிறான் என்று உடன் வேலைக்காரரை அடிக்கிற ஊழியக்காரன்தானே வருகிறான்?

பதில் 3:
தேதி மட்டும் குறிக்காதீர்கள். அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றிய கூட்டத்தார் இயேசு வரும் நாள் 1844 அக்டோபர் 22 என்றார்கள், அமெரிக்க வானொலிப் பிரசங்கி ஹரால்ட் கேம்பிங் 2011 மே 21 என்றார். அந்த நாளை ஒருவனும் அறியான் என்கிற 24:36ஐ இவர்கள் எப்படித் தாண்டிப் போனார்களோ!