காற்றுச் சுத்திகரிப்பு ஃபில்டர் வாங்குவதற்கு முன் நீங்கள் எதைப் பார்த்தீர்கள்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

என் மகனுக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு. வீடு பிரதான சாலையை ஒட்டி இருக்கிறது. சன்னலைத் திறந்தால் வண்டிப் புகை நேராக உள்ளே வரும். வீட்டுக்குள் காற்றைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும்படி மருத்துவர் சொன்ன மறுநாளே, ஹெபா ஃபில்டர் (நுண்துகளைப் பிடிக்கும் இழை வடிகட்டி) போட்ட ஒரு மெஷினை வாங்கி அவன் படுக்கும் அறையில் வைத்தேன். முதல் இரவிலேயே திரையில் பிஎம் 2.5, அதாவது காற்றிலுள்ள நுண்துகளின் எண், 80லிருந்து 10க்குக் கீழே வந்துவிட்டது. பல நாள் கழித்து அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஒரு வாரம் போனது. திரையில் 8 என்று காட்டும்போதும் அறையில் டீசல் வாடை அப்படியே இருந்தது. சாயங்காலம் ஆனால் பையன் கண்ணைக் கசக்குவான், தொண்டையைச் செருமுவான். மெஷின் பழுதாகிவிட்டதோ என்று பயந்தேன். மெஷின் சரியாகத்தான் வேலை செய்தது, நான்தான் அதனிடம் தவறான வேலையை எதிர்பார்த்திருக்கிறேன். ஹெபா துகளைப் பிடிக்கும். 0.3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுத் துகளில்கூட 99.97 சதவீதத்தை நிறுத்திவிடும். அதைவிடப் பொடியான துகள்கள் தாறுமாறாக அலைந்து இழைகளில் மோதி ஒட்டிக்கொள்வதால் அவையும் சிக்கிவிடும். ஆனால் வாயு அதற்குள் புகுந்து வெளியே வந்துவிடும். வண்டிப் புகையில் கரித்துகளும் உண்டு, நைட்ரஜன் டை ஆக்சைடு மாதிரி வாயுக்களும் உண்டு. வாயுவைப் பிடிக்க ஆக்டிவேட்டட் கார்பன், அதாவது வாயுவை ஈர்த்துப் பிடிக்கும்படி பதப்படுத்திய கரி வேண்டும், அதுவும் எடை பார்த்து. என் மெஷினில் ‘கார்பன் ஃபில்டர்’ என்று இருந்தது கரி தூவிய மெல்லிய துணி. சில வாரங்களிலேயே அது நிரம்பிப்போயிருக்கும்.

இன்னொன்றையும் அப்போதுதான் கற்றுக்கொண்டேன். செயலியில் வரும் ஏக்யூஐ (காற்றுத் தரக் குறியீடு) ஒரே எண்ணாகத் தெரிகிறது. பெரும்பாலான நாடுகளில் ஒவ்வொரு மாசுக்கும் தனித்தனியே கணக்குப் போட்டு, எது மிக மோசமோ அதன் எண்ணைத்தான் மொத்த எண்ணாக வெளியிடுகிறார்கள். அதனால் 150 என்பது ஒரு நாள் துகளால் வந்திருக்கும், வேறொரு நாள் ஓசோன் என்ற வாயுவால் வந்திருக்கும். இரண்டாவது வகை நாளில் ஹெபா எவ்வளவு ஓடினாலும் பயன் குறைவு. எண்ணைத் தொட்டால் உள்ளே பிரித்துக் காட்டும். தயவுசெய்து அதைப் பாருங்கள். அளவீட்டு நிலையம் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்றும் பாருங்கள். சாலைப் புகை சில நூறு மீட்டர் தாண்டினாலே வெகுவாகக் குறைந்துவிடும். தூரத்துப் பூங்காவில் இருக்கும் நிலையத்துக்கு என் வாசல் தெரியாது.

இரண்டு வாரம் ஒரு நோட்டில் மணி போட்டு எழுதினேன். குளிர்காலத்தில் இரவும் விடியற்காலையும்தான் துகள் உச்சம். தரையோரக் குளிர்ந்த காற்றின் மேல் சூடான காற்று மூடி போட்ட மாதிரி உட்கார்ந்துகொள்வதால் புகை மேலே போக முடிவதில்லை. மதியம் வெயில் ஏறினால் மூடி கலைகிறது. கோடையில் நல்ல வெயிலடிக்கும் பிற்பகலில் ஓசோன் ஏறுகிறது. விடிந்ததும் சன்னலைத் திறப்பதுதான் நல்லது என்று இத்தனை வருடமும் செய்துவந்திருக்கிறேன். குளிர்காலத்தில் அதுவே மிக மோசமான நேரம்.

உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று எழுதுங்கள். வாங்கப்போகிறவர்களுக்கு உதவும்.

மறுமொழி 1

அக்கா, எங்கள் வீட்டில் இதற்கு நேர்மாறு. பக்கத்து மனையில் ஒரு வருடமாகக் கட்டட வேலை. ஒரு வருடம் வரும் என்று சொன்ன ஹெபா இரண்டே மாதத்தில் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. செலவு தாங்காமல் அதைக் குழாயில் காட்டிக் கழுவினேன். அதோடு அது போயிற்று, இழைகள் நைந்துவிட்டன. கழுவலாம் என்று எழுதியிருந்தாலொழிய ஹெபாவைத் தண்ணீரில் காட்டாதீர்கள்.

எங்கள் பிரச்சினை பெருந்தூசி. அசையாத காற்றில் 10 மைக்ரான் துகள் ஒரு மீட்டர் கீழே இறங்க ஐந்தாறு நிமிடம் போதும்; 1 மைக்ரான் துகளுக்கு எட்டு மணி நேரம்போல ஆகும். பெருந்தூசி மெஷினுக்குப் போய்ச் சேருவதற்குள் தரையில் உட்கார்ந்துவிடுகிறது. பெருக்கினால் மறுபடி எழும்புகிறது. பெருக்குவதை நிறுத்திவிட்டு ஈரத்துணியால் துடைக்க ஆரம்பித்தோம், சன்னல் இடுக்குகளை அடைத்தோம், மெஷினின் முன்வலையை வாரம் ஒருமுறை கழுவி நன்றாகக் காயவைத்து மாட்டுகிறோம். அதன் பிறகு வாங்கிய ஹெபா பத்து மாதமாக ஓடுகிறது.

மறுமொழி 2

அளவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. பெட்டியில் ‘இத்தனை சதுர அடிக்குப் போதும்’ என்று போட்டிருப்பதை நம்பி ஹாலுக்கு ஒரு சின்ன மெஷின் வாங்கினேன். அந்தக் கணக்கு, மணிக்கு ஒரே தடவை அறைக் காற்று வடிகட்டப்பட்டால் போதும் என்று போட்டது. பார்க்க வேண்டியது சிஏடிஆர், அதாவது நிமிடத்துக்கு எத்தனை கன அடி சுத்தக் காற்றைத் தருகிறது என்பது. எட்டடி உயரக் கூரை என்றால், அறையின் சதுர அடியில் மூன்றில் இரண்டு பங்காவது சிஏடிஆர் இருக்க வேண்டும். 12க்கு 12 அறை 144 சதுர அடி. நிமிடத்துக்கு 96 கன அடி தேவை. கன மீட்டரில் எழுதியிருந்தால் மணிக்கு சுமார் 163. காட்டுத்தீப் புகை சூழும் ஊர்களில், சதுர அடி எவ்வளவோ அவ்வளவு சிஏடிஆர் பார்க்கச் சொல்கிறார்கள்.

அந்த எண் மெஷினை முழு வேகத்தில் ஓட்டி எடுத்தது. முழு வேகச் சத்தத்தில் யாரும் தூங்க முடியாது. நாங்களும் இரவில் குறைத்து வைத்தோம், காலையில் எண் ஏறியே இருந்தது. இப்போது ஒரு படி பெரிய மெஷின் நடு வேகத்தில் ஓடுகிறது.

மறுமொழி 3

தம்பி சொன்ன கணக்கை நானும் போட்டுத்தான் வாங்கினேன். ஆனாலும் தினமும் இரவு பதினொரு மணிக்கு மேல் எண் 200ஐத் தாண்டியது. வெளியே காற்று நன்றாகத்தான் இருந்தது. இருமல்காரர் இருக்கும் வீடு, மனசு அடித்துக்கொண்டது. ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்ததில், படுக்கையருகே வைத்திருந்த அல்ட்ராசானிக் ஈரப்பதக் கருவிதான் காரணம். அது குழாய்த் தண்ணீரில் உள்ள உப்பையும் சேர்த்துப் பொடிப்பொடியாகத் தெளிக்கிறது. நீர் ஆவியானபின் உப்புத்துகள் காற்றில் நிற்கிறது. காய்ச்சி வடித்த நீர் (டிஸ்டில்டு வாட்டர்) ஊற்றினேன், எண் அடங்கியது.

இந்தச் சின்ன சென்சார்கள் ஒளி சிதறுவதை வைத்து எண்ணுகின்றன. பனிமூட்டத்திலும் புழுக்கத்திலும் கூட்டிக் காட்டும். ஒரு எண்ணைப் பார்த்துப் பதறாமல், நாள் முழுக்க ஏறி இறங்குவதைப் பாருங்கள்.

அக்காவுக்கு ஒரு வார்த்தை: உங்கள் மெஷினில் ‘அயனி’ பொத்தான் இருந்தால் அணைத்தே வையுங்கள். சிலவற்றில் ஓசோன் வரும், இளைக்கிற குழந்தைக்கு ஆகாது.

பதிவிட்டவர்

பொத்தான் இருக்கிறது அண்ணா, இன்றே அணைத்துவிட்டேன். யாரும் இதை எனக்குச் சொன்னதில்லை, நன்றி.

நான் கடைசியில் செய்ததையும் எழுதிவிடுகிறேன். கரிக்குருணை நிரம்பிய கனமான தட்டு உள்ள மெஷினுக்கு மாறினேன். வாடை திரும்பி வந்தால் கார்பன் தீர்ந்தது என்று எடுத்துக்கொண்டு மாற்றுகிறேன், மெஷினின் விளக்குக்குக் காத்திருப்பதில்லை. பையனின் கட்டிலைச் சாலைப் பக்கத்து அறையிலிருந்து பின்னறைக்கு மாற்றினோம். வாடை குறைந்ததில் பாதி அதனால்தான் என்று நினைக்கிறேன். எல்லாவற்றையும் மூடி வைத்தால் கார்பன் டை ஆக்சைடு ஏறும், அதை எந்த ஃபில்டரும் எடுக்காது. அதனால் குளிர்காலத்தில் மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை பின்சன்னலைத் திறந்து வைக்கிறேன். கோடைக்கு வேறு நேரம் பார்க்க வேண்டும், இரவு பத்து மணிக்கு மேல் எப்படி இருக்கிறது என்று இப்போது நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.