புதுப்பிப்பு: ஒட்டுண்ணி நூலின் முதல் அத்தியாயச் சிக்கல் தீர்ந்தது

பூச்சிகளின் நடத்தையை மாற்றும் ஒட்டுண்ணிகள் பற்றி என் முதல் அறிவியல் நூலை எழுதுகிறேன், முதல் அத்தியாயம் வரையறைகளிலேயே மூழ்கிவிடுகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலன் தந்தது, "ஒரே ஒரு பூச்சியோடு தொடங்குங்கள்" என்ற யோசனைதான். இப்போது முதல் பக்கத்திலேயே மரகதக் குளவி கரப்பானை மார்பில் ஒருமுறை கொட்டுகிறது, அப்புறம் தலை வழியாக மூளைக்குள். கரப்பானின் கால்கள் செயல்படும். தானாக நடக்கத் தொடங்கும் உந்துதல்தான் போய்விடும். குளவி அதன் உணர்கொம்பைப் பிடித்து வளைக்குக் கூட்டிப்போய், காலில் முட்டையிடுகிறது. வரையறையெல்லாம் இதற்குப் பிறகுதான். படித்துப் பார்த்த நண்பர்கள் இம்முறை பாதியில் நிறுத்தவில்லை. கலைச்சொல் பட்டியலை முன்னால் வைக்கும் யோசனை எனக்குச் சரிவரவில்லை. அது பின்னிணைப்புக்குப் போய்விட்டது.

எதிர்பாராதது எறும்பு அத்தியாயம். பூஞ்சை எறும்பின் மூளைக்குள் புகுந்து ஆள்கிறது என்று எழுதியிருந்தேன். சரிபார்த்தால், 2017இல் வெளியான ஆய்வில் ஓபியோகார்டிசெப்ஸ் என்ற அந்தப் பூஞ்சையின் செல்கள் எறும்பின் தசை இழைகளைச் சுற்றி வலைபோலப் பின்னியிருந்தன, மூளைக்குள் இல்லை. அத்தியாயத்தை முழுதாக மாற்றி எழுதினேன். இதே விஷயத்தை எழுதுபவர்கள் அந்த வரியை முதலில் சரிபாருங்கள்.