9 வயசுப் பையன், கீழ்த்தாடை சிஸ்ட் (நீர்க்கட்டி): துவாரம் மூடாம வைக்கிற அப்டுரேட்டர் தட்டு நிக்க மாட்டேங்குது

குழந்தைப் பல் மருத்துவம், வாய் அறுவை சிகிச்சை பார்க்கிறவங்க வழி சொல்லணும்.

பையன் ஏற்காடு பக்கத்து மலைக்கிராமம், சிகிச்சை சேலத்துல. சொத்தையான 75-க்குக் (இடது கீழ் ரெண்டாவது பால் கடைவாய்ப்பல்) கீழே டென்டிஜெரஸ் சிஸ்ட் (முளைக்காத பல்லோட தலையைச் சுத்தி வர்ற கட்டி). 35 (75-க்குப் பதிலா முளைக்க வேண்டிய நிரந்தரப் பல்) தாடையோட கீழ் ஓரம் வரை தள்ளப்பட்டிருந்தது, வேர் பாதிகூட வளரல. அதனால முழுசா சுரண்டாம, 75-ஐப் பிடுங்கி அந்தக் குழி வழியாவே மார்சுபியலைசேஷன் (கட்டியைத் திறந்து விட்டுத் தானா சுருங்க வைக்கிறது). பயாப்சியில கெரட்டோசிஸ்ட், அமிலோபிளாஸ்டோமா (திரும்ப வரக்கூடிய தாடைக் கட்டிகள்) ரெண்டும் இல்லை.

மூணாவது மாச ஓபிஜியில (முழுத் தாடை எக்ஸ்ரே) எலும்பு நல்லா நிரம்பியிருந்தது, 35-உம் மேலே ஏறியிருந்தது. அப்புறம்தான் 74 (75-க்கு முன்னால இருந்த பால் பல்) விழுந்தது. அக்ரிலிக் அப்டுரேட்டரோட பிடிமானமே அந்தப் பல்தான். இப்போ தட்டு கழன்றா ரெண்டு நாள்ல துவாரம் சுருங்கிடுது. உள்ளே சோறு தங்கி நாத்தம், லேசா சீழ். காய்ச்சல் இல்லை, உதடு மரத்துப்போகல.

36-ல (இடது கீழ் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல்) மட்டும் ஆடம்ஸ் கிளாஸ்ப் (பல்லைப் பிடிக்கிற கம்பிக் கொக்கி) போட்டா தட்டு முன்பக்கம் தூக்குது. ரப்பர் குழாயைத் தைச்சு வச்சா மெல்லும்போது தையல் அறுந்துடுது. குழியில அடைக்கிற ஐயோடோபார்ம் மருந்து நாடாவை அடிக்கடி மாத்தணும். அதுக்காக அவங்க ஒவ்வொரு தடவையும் மலையிறங்கி வர முடியாது. அம்மா 10 மிலி சிரிஞ்சால தினம் ரெண்டு வேளை சலைன் அடிச்சுக் கழுவுறாங்க, அதுல குறையே இல்லை. (எலும்புத்தூள் வைக்கலாமேன்னு தயவுசெய்து சொல்ல வேண்டாம். பெரியாஸ்டியம் (எலும்போட மேலுறை) நல்லா இருக்கிற இந்த வயசுல எலும்பு தானா நிரம்பும். தூள் வச்சா 35 வர்ற வழியைத்தான் அடைக்கும்.)

36, 46-ல (வலது பக்கத்து அதே பல்) பேண்ட் போட்ட லிங்குவல் ஆர்ச்சுல (பல்வரிசைக்கு உள்பக்கமா ஓடுற கம்பி) குழாயைப் பொருத்தி நிறுத்தினவங்க, 35 முளைக்கிறதைத் தடுக்காம அதை எந்த இடத்துல, எப்படிப் பொருத்தினீங்க?